'ஆண்ட' உருபும் சங்கராக் கூடையும்

ஆங்கில வாக்கியத்தில் வினையின் பயனை நேரே ஏற்பது நேர்ச் செயப்படுபொருள் எனவும், அப்பொருள் யாரைச் சென்று சேர்கிறதோ அவர் நேரிலாச் செயப்படுபொருள் எனவும் வழங்கப்பெறுவர். வினையை நோக்கி 'வாட்' என்று வினவினால் முன்னதும், 'ஹூம்' என்று வினவினால் பின்னதும் விடையாக வரும் என்பது டியூஷன் மரபு. 10-ஆம் வகுப்பு மாணவர் 'எஸ், வி, ஐ.ஓ., டி.ஓ.' என்று ஓதுவதும் இதனையே.

எனினும் இக்கோட்பாடு வடசென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்கால ஏலத்தில் இதுகாறும் சோதிக்கப்படாதது ஆய்வுலகின் பெருங்குறை. பழைய ஆங்கிலத்தில் நான்காம் வேற்றுமைக்கு 'ஹிம்', இரண்டாம் வேற்றுமைக்கு 'ஹினே' எனத் தனித்தனி வடிவங்கள் இருந்து, பின்னது வழக்கொழிந்தமையால், இன்று 'டு' துணைக்கு வராதபோது இரு பொருள்களும் நிற்கும் இடத்தைக் கொண்டே அறியப்படுகின்றன. ஆகவே 'ஐ கேவ் த கேட் எ ஃபிஷ்' என்பதில் பூனையையும் மீனையும் இடம் மாற்றினால், மீன் பூனையைப் பெற்றுவிடும். தமிழிலோ ஐயும் குவ்வும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போவதால், எதை முன்னே சொன்னாலும் பூனையே பசியாறும். துறைமுகத்துப் பூனைகள் இவ்விலக்கணத்தை நம்பியே வாழ்கின்றன.

'கிவ் ஹிம் த பாஸ்கெட்' என்பதைத் தமிழாக்கப் புகும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. 'அவனுக்குக் குடு' என்றால் சங்கரா மீன் கூடை அவனுடையதாகிறது. 'அவனாண்ட குடு' என்றால் கூடை அவன் கைக்குப் போகிறதேயன்றி உரிமை போவதில்லை. 'ஆண்ட' என்பது 'அண்டை' என்பதன் திரிபாகக் கொள்ளத்தக்க, செந்தமிழ் 'இடம்' உருபுக்கு ஈடான வடசென்னை வழக்கு. லாஞ்சிலிருந்து இறக்குபவர், தலையில் சுமப்பவர், ஐஸ் போடுபவர், ஏலம் கூறுபவர் எனப் பலர் கை மாறி வரும் கூடைக்கு, பணம் கொடுத்து எடுக்கும் மீன்காரம்மா ஒருவரே கு உருபுக்கு உரியவர். ஏனையோர் யாவரும் ஆண்ட உருபினரே. இவர்கள் அனைவரையும் ஆங்கிலம் ஒரே நிலையில் வைப்பது வணிக நோக்கில் அபாயகரமானது. நன்னூல் நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் கொடையை அடுத்துப் பகையை வைத்ததும் ஈண்டுக் கருதத்தக்கது. கடனுக்கு மீன் கொடுத்த எவரும் இவ்வைப்புமுறைக்கு உரை கேட்கமாட்டார்.

ஆதலின் 'ஹூம்' என்னும் ஒற்றை வினா காசிமேட்டுக்குப் போதாது என்பதே இவ்வாய்வின் முடிபு. அங்கே 'யாராண்ட?' என்று ஒரு முறையும், பணத்தை எண்ணி வாங்கியபின் 'யாருக்கு?' என்று மறுமுறையும் கேட்டாக வேண்டும்.