வைரமுடி மாமா

பங்குனி பிறந்தால் திருநாராயணபுரம் என்கிற மேல்கோட்டைக்கு இரண்டு வரவு உறுதி. ஒன்று, மண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு வரும் கிரீடமான வைரமுடி. மற்றது, பெங்களூரிலிருந்து காரில் வரும் வைரமுடி மாமா. முடி ராத்திரியே உற்சவர் செல்வப்பிள்ளையின் சிரசில் ஏறி, கருட வாகனத்தில் வீதி வந்து, கணக்கு ஒப்பித்துவிட்டுக் கருவூலம் திரும்பிவிடும். மாமா புளியோதரை கட்டி வாங்காமல் கிளம்பமாட்டார்.

மாமா ஒருவரல்லர், ஓர் இனம். எந்தக் கூரையில் அரசங்கன்று முளைத்திருக்கிறதோ, எந்த வாசலை உண்ணிச்செடி அடைத்திருக்கிறதோ, எந்தத் திண்ணையில் ஊர்க் குப்பையெல்லாம் குடியேறியிருக்கிறதோ, அது இவருடைய பூர்வீகம். அதன் எதிரில் நின்றுகொண்டுதான், "திருநாராயணபுரம் எப்படி இருந்த ஊர்! இப்போ யாருக்கும் சுத்தம்ங்கிற எண்ணமே இல்லை" என்று கண் கலங்குவார். உள்ளே போகமாட்டார். பாம்பு இருக்கிறதாம்.

அமெரிக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலர்ந்துவிடும். அங்கே பல நகரங்களில் புல் அளவு மீறினால் நோட்டீஸ் வரும். வெட்டாவிட்டால் நகராட்சியே வெட்டி, கூலியை வீட்டின் மேல் கடனாக ஏற்றிவிடும். "பையனுக்கு நோட்டீஸ் வந்தது, அன்னிக்கே வெட்டிட்டான். அதுதான் ஸ்வாமி சட்டம்!" என்பார். இங்கேயும் சட்டம் இல்லாமலில்லை. மாநகராட்சிச் சட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு மைசூரும் பெங்களூரும் காலி மனைக்காரர்களை, புதரை வெட்டிய செலவு சொத்து வரியோடு சேரும் என்று மிரட்டத்தான் செய்கின்றன. அதைச் சொன்னால் மாமா, "அது சிட்டிக்கு. இது க்ஷேத்ரம்" என்று முடித்துவிடுவார்.

க்ஷேத்ரத்திலும் பஞ்சாயத்து உண்டு, பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. உண்டு. உற்சவத்துக்கு முன் ஆள்விட்டு வெட்டி, டிராக்டரில் அள்ளிக்கொண்டு போன செலவுக்குச் சீட்டு நீட்டினால், முதலில் சாஸ்திரம் வரும்: "அரசமரத்தை வெட்டினது மகாபாவம், அதுக்கு நான் பணம் வேற கொடுக்கணுமா?" அடுத்து ஸ்தலபுராணம்: "உடையவர் வந்தப்போ இந்த ஊரே காடு. புதரை வெட்டி, புத்தைக் கலைச்சு, பெருமாளை வெளியே எடுத்தார். யாருக்காவது பில் அனுப்பினாரா?" பி.டி.ஓ. கன்னடக்காரர், உடையவரான ராமானுஜரிடம் பக்தி உள்ளவர். தலையைச் சொறிவதைத் தவிர அவரால் வேறென்ன செய்ய முடியும்?

பிரம்மாஸ்திரம் கடைசியில்தான் வரும். "கத்தா யார் பேர்ல இருக்குன்னு பாருங்கோ." பார்த்தால் அந்தச் சொத்துப் பதிவு தாத்தா பேரில் இருக்கும். தாத்தா பரமபதித்து இரண்டு தலைமுறையாகிறது. இறந்தவர் பேரிலிருந்து வாரிசுகள் பேருக்குப் பௌதிக் கத்தா மாற்ற எல்லாப் பாகஸ்தர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மைலாப்பூர், ஒருவர் மெல்போர்ன், இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. கொண்டாட வரும்போது எல்லோரும் சொந்தக்காரர்கள். கட்ட வரும்போது தாத்தா ஒருவர்தான். சீட்டு அவர் பேருக்கே போகும். முகவரி வைகுண்டம் என்பதால் திரும்பி வருவதில்லை.

குப்பைச் செலவு வசூலாகாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, மரத்தூண், முற்றம், ஹோம்ஸ்டேவுக்குப் பொருத்தம் என்று நல்ல விலை சொன்னால் போதும். மெல்போர்ன்காரர் முதல் விமானத்தில் வருவார். பேசாதவர்கள் பேசுவார்கள். பஞ்சாயத்தின் மின்சொத்துப் பதிவான இ-ஸ்வத்து இல்லாமல் பத்திரம் பதிவாகாது, கந்தாய வரிப் பாக்கி தீராமல் இ-ஸ்வத்து கிடைக்காது. பல வருஷத்துப் புதர், கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் அந்தப் பாக்கியின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாமா ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாமல் எண்ணி வைப்பார்.

ரசீது எழுதும்போது மட்டும் பி.டி.ஓ.வின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்:

"ஸ்வாமி, இதைக் கைங்கர்யம்னு போட்டு 80ஜி ரசீது கொடுக்க முடியுமோ?"