பிளாட் அண்ணாச்சி

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில், திருத்தங்கல் தாண்டியதும் நம் கண்ணுக்குத் தெரிவது கரிசல், சீமைக்கருவேலம், ஆங்காங்கே மஞ்சள் பூசிய கல். அண்ணாச்சி கண்ணுக்குத் தெரிவது வேறு. "இது முப்பதடி ரோடு. அந்தா, வேப்பமரம் நிக்கிற இடம் பார்க்கு. அதுக்கு அந்தாண்ட ஸ்கூலுக்கு ஒதுக்கிருக்கு." ஸ்கூலுக்கு ஒதுக்கிய இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை. பைக்குள் பத்துப் பதினைந்து ஊர்க்காரர்களின் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, எல்லாம் ஜெராக்ஸ். சொந்த வீட்டுப் பட்டா மட்டும் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. அடுத்த ஜமாபந்தியில் மாற்றிவிடுவதாக வருஷாவருஷம் வீட்டம்மாவிடம் சொல்கிறார்.

தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொன்னதே கிடையாது. எல்லாம் நிமிஷக் கணக்கு. "பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிஷம்." யார் ஓட்டினால், எந்த வண்டியில் என்பதெல்லாம் பத்திரத்தில் வராது. 2021இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனபோது ஊரே வரி எவ்வளவு ஏறுமோ என்று கவலைப்பட்டது. அண்ணாச்சி செண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று யோசித்தார். 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததும் அவருடைய மனை அத்தனையும் 'மெடிக்கல் காலேஜ் அருகில்' வந்துவிட்டது. மறு வருஷம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா என்று அறிவிப்பு. அதே மனைகள் எழுந்து நடந்து போய் அதற்கும் 'எதுத்தாப்ல' நின்றுகொண்டன.

அவர் சோர்ந்துபோனது ஒரே ஒரு தடவைதான். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது டீக்கடை பெஞ்சில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் வரன்முறை விதிகள் வந்தன, பேச்சும் வந்தது. அன்றிலிருந்து 'டிடிசிபி அப்ரூவ்டு' என்பதை, பத்ரகாளியம்மன் துணை போடுகிற மாதிரி, எல்லாக் காகிதத்தின் தலையிலும் போட்டுவிடுகிறார். "அப்ரூவல் ஆர்டர் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டால், "வந்தாச்சு, நம்பர்தான் வரணும்" என்பார்.

சம்சாரியிடம் பேசும்போது அவருக்கு வேறு குரல். "பெரியப்பா, மக்காச்சோளம் போட்டா பன்னி திங்குது, கம்பு போட்டா குருவி திங்குது. கல்லு ஊண்டிப் போட்டா எது திங்கும்?" மானாவாரிப் புஞ்சைக்காரருக்கு இதற்குப் பதில் கிடைப்பதில்லை. விவசாயக் கொள்கை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த ஒரு கேள்வி அதிக நிலத்தைக் கைமாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

வாங்க வருகிறவர் மதுரைக்காரர். கோடையில் பிளந்து கிடக்கிற கரிசலைப் பார்த்ததும் அவருக்கு அடிவயிறு கலங்குகிறது. மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற மண்ணில் அஸ்திவாரம் போடுவது லேசான காரியமா? "சத்தான மண்ணு சார், அதான் மூச்சு விடுது. பில்லர் போட்டுக் கட்டுங்க, பத்து மாடி தாங்கும்." தண்ணீர்? "அறுபதடியில தேங்காத் தண்ணி!" கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் தொடங்கிவைத்த தொழில் இங்கே வேர்பிடித்ததற்கு மழை மறந்த வானமும் ஒரு காரணம். வறட்சியையே முதலாகப் போட்டுப் பிழைத்த ஊரில் தேங்காய்த் தண்ணி விற்க ஒரு துணிச்சல் வேண்டும்.

"அங்க என்ன, வெள்ளை வெள்ளையா ரூமு?"

"அது ஆபீஸ் சார்." பட்டாசு ஆலைக்கு இங்கே பேர் பயர் ஆபீஸ். அதில் முதல் பாதியை விழுங்கிவிடுவார். "ஞாயித்துக்கிழமை லீவு. நமக்கு எதுத்தாப்ல எந்தக் காலத்துலயும் கட்டடம் வராது, காத்து பிச்சுக்கிட்டு வரும். சட்டமே காலியாப் போடச் சொல்லிருக்குல்ல!"

சட்டம் சொல்லியிருப்பது உண்மைதான். பட்டாசு ஆலையில் கட்டடத்தைவிடக் காலி இடம் அதிகம். அறைக்கு நாலு பேர், அறைக்கும் அறைக்கும் இடைவெளி, மருந்துக் கிட்டங்கிக்கும் வெளியே இருக்கிற வீட்டுக்கும் இடைவெளி. 2008 வெடிபொருள் விதிகளில் இதற்கு அட்டவணையே உண்டு. வைக்கிற மருந்து கூடக் கூடத் தூரமும் கூடும். 2012இல் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது, உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களும் சேர்ந்து செத்தார்கள். ஆலையைச் சுற்றிய பொட்டல் சும்மா கிடக்கிற இடமில்லை.

அண்ணாச்சிக்கும் இது தெரியாததல்ல. மதுரைக்காரர் கைகாட்டிய ஆலைக்கு இடம் முடித்துக் கொடுத்தவரே அவர்தானே! அப்போது இளவட்டம், கையில் சைக்கிள். "மொதலாளி, சுத்தி ரெண்டு மைலுக்கு ஒரு குடிசை கிடையாது. கத்துனாக்கூட ஒருத்தனுக்குக் கேக்காது" என்று சொல்லி முடித்தார். இன்று அதே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "சுத்தி வீடு வந்துருச்சு சார், நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்கிறார். இரண்டு பேச்சுக்கும் அதே ரெண்டு பர்சென்ட்.

வீடு நெருங்க நெருங்க முதலாளிக்குத் தூக்கம் போகிறது. இடைவெளி குறைந்தால் வைக்கிற மருந்தைக் குறைக்கச் சொல்வார்கள், லைசென்ஸுக்கே கேள்வி வரும். ஆகவே வேலியை ஒட்டிய மனைகளை, யாராவது வானம் தோண்டுவதற்குள் வாங்கிப் போட்டுவிட வேண்டும். யாரைக் கூப்பிடுவார்? அண்ணாச்சி ரெக்ஸின் பையோடு வந்து, பிளானை மேஜையில் விரித்துப் பெருமூச்சு விடுகிறார்.

"அன்னைக்கு நீங்க வாங்கும்போது அது பொட்டல், மொதலாளி. இன்னைக்கு அது நகர். அதுலயும் நீங்க கேக்குற ஆறும் கார்னர் பிளாட்டு. செண்டுக்கு இருபதாயிரம் கூட வரும்."

"நான் கட்டவே போறதில்லையே அண்ணாச்சி, சும்மா போடத்தானே கேக்கேன். கார்னர் எனக்கு எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் காத்து வரும்ல மொதலாளி."