ஐம்பது மார்க் இனாம்

முப்பது வருஷம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தியவன் நான். ஒயினைத் தொட்டதில்லை. கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தபோது, "சும்மா வேடிக்கை பாருங்க மாமா" என்று மருமகன் ஒயின் கடைக்குக் கூட்டிப் போனார். புட்டிகளுக்குக் கீழே அட்டைகள்: 92, 90, 94. எனக்குக் கை பரபரத்தது.

"ஃபெயிலானது ஒண்ணுகூட இல்லையே, மாப்பிள்ளை?"

இந்த நூறு மார்க் முறையைப் பரப்பியவர் ராபர்ட் பார்க்கர் என்ற வக்கீலாம். 1978இல் ஒயினுக்கென்றே பத்திரிகை தொடங்கி, 1982ஆம் வருஷத்து போர்டோ ஒயினைத் தூக்கிப் பிடித்துப் பெயர் வாங்கியவர். அவர் கணக்கில் எந்த ஒயினுக்கும் ஆரம்பமே 50. பிறகு நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, ருசிக்கும் அது நாக்கில் தங்குவதற்கும் 20, மொத்தத் தரத்துக்கும் வருங்காலத்துக்கும் 10. பரீட்சை ஹாலுக்கு வந்து உட்கார்ந்ததற்கே பாதி மார்க்! வினா எண்ணைச் சரியாகப் போட்டிருந்த ஒரு பையனுக்கு இரக்கப்பட்டு அரை மார்க் போட்டுவிட்டு, சீஃப் எக்ஸாமினரிடம் நான் வாங்கிய பாட்டு இன்னும் காதில் இருக்கிறது.

80க்கு மேல் போனாலே நல்ல ஒயின்தான் என்பது பார்க்கர் கணக்கு. ஆனால் அந்தக் கடையில் 90க்குக் கீழே ஒரு அட்டைகூட இல்லை. 89 வாங்கிய புட்டி, அட்டையே இல்லாமல், கட்-ஆஃபில் அரை மார்க்கில் மெடிக்கல் சீட்டை விட்ட பிள்ளை மாதிரி மூலையில் நின்றது. 92 வாங்கியதில் பென்சில் சீவிய வாசனை வருகிறதாம். அது பாராட்டு! என் வகுப்பில் எல்லாப் பையிலும் வந்தது. யாருக்கும் மார்க் போட்டதில்லை.

ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், சொந்தமாக ஒயின் தயாரித்தவர். கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபேர் போட்டியில் நடுவர்களுக்கே பரீட்சை வைத்தார். ஒரே புட்டியில் ஊற்றிய மூன்று கிளாஸை மற்றவற்றோடு கலந்து நீட்டினார். 90 போட்ட நாக்கு கொஞ்ச நேரத்தில் அதற்கே 86 போட்டது, இன்னொரு முறை 94. ஓரளவு நிலையாகப் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டுவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தும் முகாமில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகச் சொருகப் பிரித்த கட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. என்னிடம் தாள் வந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்களுடையது காலைக் கட்டில் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.