இரண்டரை ஏக்கர் காடு

எண்பதுகளில் செயற்கைக்கோள் படம் பார்ப்பது மூலவரைப் பார்ப்பது மாதிரி. அனுமதி வேண்டும், காத்திருக்க வேண்டும், கை படக்கூடாது. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் லேண்ட்சாட் படத்தை விரித்து, மேலே டிரேசிங் தாள் ஒட்டி, சிவப்பாகத் தெரிவதையெல்லாம் பென்சிலால் வளைப்போம். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை அள்ளித் திருப்பி அனுப்பும். அந்த ஒளிக்குச் சிவப்பு பூசிக் காட்டுவது வழக்கம். ஆகவே காடு சிவப்பு, மணல் வெள்ளை, ஏரி கறுப்பு.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் முதல் அறிக்கை 1987-ல் வந்தது. 1981–83 படங்களை வைத்துப் போட்ட கணக்கு. 400 ஹெக்டேருக்குக் குறைந்தால் வரைபடத்தில் இடமில்லை. அதாவது, கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர் இருந்தால்தான் காடு. கல்பாக்கத்தை ஒட்டிய எங்கள் புதுப்பட்டினத்துப் பக்கம் இருந்ததோ, அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்த சவுக்குத் தோப்புகள். அவற்றைக் காடு என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. வானமும் சொல்லவில்லை.

பிறகு கண் கூர்மையாயிற்று. 1988-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ பறந்தது. 2001 அறிக்கையில் நாடு முழுவதையும் கணினியே பார்த்தது. ஒரு புள்ளி தரையில் 23.5 மீட்டர், ஒரு ஹெக்டேர் இருந்தாலே கணக்கு. 1999-ல் 6,37,293 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டின் வனப்பரப்பு 6,75,538 ஆனது. இரண்டே வருஷத்தில் இவ்வளவையும் யார் நட்டார்கள் என்று கேட்டால், முன்பு கண்ணில் படாத துண்டு துணுக்குகள் இப்போது பட்டதுதான் பெரும் காரணம். ஒரு ஹெக்டேர், அதில் பத்து சதவீதம் மரக்கவிகை. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. தென்னை, மா, சவுக்கு எல்லாம் வனப்பரப்பு.

இதைப் பக்கத்துத் தோப்பு மாமாவிடம் சொன்னேன்.

“இன்னாது, காடா? அப்ப வெட்டறதுக்கு ரேஞ்சரக் கேக்கணுமா?”

“வேணாம் மாமா, சும்மா கணக்குக்குதான்.”

“பணம் எதனா வருமா?”

“வராது.”

“அப்ப இருந்துட்டுப் போவட்டும்.”

நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டு. நேரான கழி சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும்; மிச்சம் டன் கணக்கில் காகிதக் கூழுக்கு. வெட்டிய வருஷம் படத்தில் வெள்ளை விழும்: காடழிப்பு. கன்று வைத்துத் தலையெடுத்தால் மறுபடி சிவப்பு: காடு வளர்ப்பு. மாமா இரண்டையும் தூக்கம் கெடாமல் செய்துகொண்டிருந்தார்.

இப்போது அனுமதியும் இல்லை, மேசையும் இல்லை. 2008-லிருந்து லேண்ட்சாட் படங்கள் இலவசம். சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளைக்கொரு தரம் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விற்பவர் செல்போனைப் பிதுக்கிப் பெரிதாக்கி, “பச்சையா தெரியுது பாருங்க சார், அதை ஒட்டித்தான் நம்ம லேஅவுட்” என்கிறார். அந்தப் பச்சை இரண்டாம் கட்ட லேஅவுட்.

இந்தக் கடற்கரைக்கே உரிய காரை, வீரை, பாலை மண்டிய பழைய புதர்க்காட்டின் கதி வேறு. கவிகை பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது ‘புதர்’. வனக் கணக்குக்கு வெளியே. ஒரு ஏக்கர் கோயில்காடு தனியாக நின்றால் அன்றும் காடில்லை, இன்றும் காடில்லை. அவற்றை அழித்தால் வனப்பரப்பில் ஓர் அங்குலம் குறையாது.

போன வெட்டுக்கு முன்னால் மாமா கூப்பிட்டுக் கேட்டார்: “மாப்ள, டில்லிக்காரங்க படம் புடிக்கிற வரைக்கும் வேணா நிறுத்தி வெக்கிறேன். டன்னுக்கு இன்னா கொடுப்பாங்க, கேட்டுச் சொல்லு.”