வீட்டை இடித்து வாசல் கட்டியவர்கள்

ரோமுக்குப் போய் வந்தேன் என்றால் இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் மரியாதை இல்லை. ரோமுக்கு எல்லாரும் போகிறார்கள். பயணக் கையேட்டில் இல்லாத ஊராக வேண்டும். அதற்காகத்தான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வாழை இலைக் கடையில் நாலு பேர் உட்கார்ந்து, ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக்கொண்டே, கைப்பேசியில் இத்தாலியைத் துழாவுகிறார்கள். யாரும் கண்டுகொள்ளாத ஊர் வேண்டுமாம். உட்கார்ந்திருக்கும் ஊரை யார் கண்டுகொண்டார்கள்?

கேட்டால் சிரிப்பார்கள். செந்தூலில் என்ன சார் இருக்கு?

சரி, நானே ஓர் ஊர் சொல்கிறேன். நேப்பிள்ஸ் வரை விமானம். அங்கிருந்து கடலோரமாகப் போகும் உள்ளூர் ரயில். பியெத்ரார்சாவில் இறங்குங்கள். 1840-இல் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு தொடங்கிய ரயில் பட்டறை அது. 1975-இல் மூடினார்கள். நம் ஊராக இருந்தால் அடுத்த நாளே நில அளவையாளர் வந்திருப்பார். அவர்கள் 1989-இல் அதைத் தேசிய ரயில்வே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கரி எஞ்சின்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அரச குடும்பத்தின் ரயில் பெட்டி, நீளமான சாப்பாட்டு மேசையோடும் பொன் வேலைப்பாட்டுக் கூரையோடும் அப்படியே இருக்கிறது. 1863-இல் அங்கே போராடிய தொழிலாளர்களைப் படை சுட்டுக் கொன்றது. அவர்களையும் ஊர் மறக்கவில்லை.

நம்மவர் டிக்கெட் வாங்கி நுழைவார். எஞ்சின் முன்னால் நின்று படம் எடுப்பார். "வெள்ளைக்காரன் எப்படிக் காப்பாத்தி வச்சிருக்கான் பாருங்க!" என்று குடும்பக் குழுவில் போடுவார். அவருடைய தாத்தா செந்தூல் பட்டறையில் முப்பது வருடம் சுத்தியல் அடித்தவராக இருப்பார். அதைப் பேரனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

செந்தூல் பட்டறை லேசுப்பட்டதா? கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் தலைமைப் பட்டறை. உச்சத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வேலை பார்த்த இடம். எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள், பெட்டி கட்டினார்கள். சங்கு ஊதினால் ஊர் எழுந்தது. பட்டறையைச் சுற்றித்தான் கோயில், மாதா கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் வந்தன. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், 1945-இல், நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் ரயில் பட்டறைகளைத் தேடி வந்து குண்டு போட்டன. குண்டு போட வந்தவன் வரைபடத்தில் செந்தூல் இருந்தது. நம் சுற்றுலா வரைபடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பட்டறை வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. 2005-இல் ஒரு பழைய ரயில்வேக் கட்டடம் கலை அரங்கமானது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அது உருப்படியான காரியம். பட்டறைக் கொட்டகைகளில் சில இன்று நிகழ்ச்சி மண்டபம். கண்காட்சி நடக்கிறது, விருந்து நடக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள். ஐயாயிரம் பேருடைய கதையைச் சொல்ல மட்டும் அங்கே ஓர் அருங்காட்சியகம் கிடையாது. வரலாற்றுக்கு வாடகை கொடுக்க வக்கில்லை.

பணம் இல்லையா? இருந்ததே. 2010-இல் இரண்டு பிரதமர்கள் நின்று பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா' என்று அறிவித்தார்கள். யானைகள் வைத்து நீரூற்று கட்டினார்கள். 1905 வாக்கில் ரயில்வே ஊழியருக்காகக் கட்டிய நூறு குவாட்டர்ஸ் அங்கேயே, பத்து நிமிட நடையில் இருந்தது. உண்மையான லிட்டில் இந்தியா அதுதான். 2014 வாக்கில் இயந்திரம் விட்டு இடித்தார்கள். 2015 நவம்பரில் மறுபடி இரண்டு பிரதமர்கள் வந்து அழகான தோரண வாயிலைத் திறந்து வைத்தார்கள். வீடு போயிற்று. வாசல் வந்தது. ரிப்பனும் கைத்தட்டலும் வாசலுக்குத்தான்.

இவர்கள்தான் உலகத்தை விருந்துக்கு அழைப்பவர்கள். 2020 சுற்றுலா ஆண்டுக்கு 2018-இல் ஒரு சின்னம் வெளியிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆமை, பக்கத்தில் குரங்கு. ஊரே சிரித்தது. அடுத்த வருடம் வேறு சின்னம். அதற்கடுத்த வருடம் கொரோனா, ஆண்டே ரத்து. அடுத்தது 2026 சுற்றுலா ஆண்டு. மறுபடி சின்னம், மறுபடி பாட்டு, மறுபடி மேடை. ஆமைக்குக் கண்ணாடி மாட்டத் தெரிந்த தேசத்துக்கு ஒரு பட்டறை வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, உள்ளே வேலை செய்தவன் பெயரை எழுதத் தெரியவில்லை.

அதிகாரிகளுக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா என்றால் உயிர். போகட்டும், நான் தடுக்கவில்லை. இந்த முறை பியெத்ரார்சாவுக்குப் போகட்டும். மூடிய பட்டறையை என்ன செய்யலாம் என்று பார்த்துவிட்டு வரட்டும். பீட்சா செலவும் நம் வரிப்பணம்தான், பரவாயில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த தேர்தலில் மாலையும் கும்பிடுமாகச் செந்தூலுக்கு வருகிறவரை நிறுத்திக் கேளுங்கள்: "பட்டறைக்கு எப்போது அருங்காட்சியகம்? தேதி சொல்லுங்கள்." தேதி சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.