கல் வளைவைப் படம் பிடிக்க ஒன்பது யோசனைகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மூன்று தேசியப் பூங்காக்களை ஏழு நாளில் சுற்றி 2,340 படங்கள் எடுத்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். அதில் ஒரு படம் சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "நெட்லேர்ந்து பிரிண்ட் போட்டதா? நல்லா இருக்கு" என்கிறார்கள். நிலக்காட்சி எடுப்பவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அந்த நிலையை நீங்களும் அடைய வேண்டாமா? கீழே உள்ள யோசனைகள் எல்லாம் சொந்தச் செலவில் கற்றவை. அதாவது விமான டிக்கெட் என்னுடையது. காரும் பெட்ரோலும் டென்வரில் இருக்கும் மச்சினனுடையவை.

1. முதலில் கடைக்குப் போங்கள்

பாறை எங்கே ஓடிவிடப் போகிறது? ஆகவே அவசரப்படாமல் கேமரா, அகலக்கோண லென்ஸ், தூரத்து லென்ஸ், கார்பன் ஃபைபர் ட்ரைபாட், போலரைசர் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். போலரைசரை அகலக்கோண லென்ஸில் மாட்டுவது முக்கியம். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது வானத்தை நன்றாகக் கறுக்க வைக்கும். அகலமான படத்தில் வானம் பாதி கருநீலமாகவும் பாதி வெளிறியும், சாயம் போன லுங்கி மாதிரி வரும். பார்க்கிறவர்கள் கலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆன்சல் ஆடம்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1927 ஏப்ரல் 10-ஆம் தேதி, 25 வயதில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே ஏறினார். முதுகில் 18 கிலோ பெட்டி, பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள். மேலே போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்றில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். மனசில் பார்த்த வானம் இதில் வராது என்று தோன்ற, கடைசித் தகட்டில் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் கறுத்து, பாறை நிமிர்ந்து நின்றது. அவர் பெயரைச் சொல்லும் படங்களில் அது ஒன்று. பாவம், அவரிடம் 256 ஜிபி கார்டு இல்லை. இருந்திருந்தால் என்னைப் போல நானூறு எடுத்து, எது நன்றாக இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருந்திருப்பார்.

2. ஊரே எடுத்த இடத்தையே தேர்ந்தெடுங்கள்

மோவாப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட இயற்கைக் கல் வளைவுகள் இருக்கின்றன. ஓட்டை ஏதாவது ஒரு திசையில் மூன்று அடியாவது இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். நீங்கள் இந்தக் கணக்கில் எல்லாம் இறங்க வேண்டாம். டெலிகேட் ஆர்ச் ஒன்று போதும். யூட்டா கார்களின் நம்பர் பிளேட்டிலேயே அதன் படம் இருக்கிறது. படம் எப்படி வர வேண்டும் என்பதற்கு மாதிரி, கார் நிறுத்துமிடத்திலேயே வரிசையாக நிற்கிறது.

ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து மாட்டுக்காரர்கள் இதற்கு 'டீச்சரம்மாவின் உள்கால்சட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கு அது வளைவாகவே தெரியவில்லை.

3. துண்டு போட்டு இடம் பிடியுங்கள்

பக்கத்துப் பூங்காவான கேன்யன்லாண்ட்ஸில் மீசா ஆர்ச் இருக்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் தாழ்வான வளைவு. சூரியன் எழுந்ததும் வெளிச்சம் வளைவுக்குக் கீழே உள்ள செங்குத்துப் பாறையில் பட்டு மேலே எதிரொளிக்கும். வளைவின் அடிவயிறு தணல் மாதிரி கனியும். கொஞ்ச நேரம்தான்.

அதற்காக நான்கு மணிக்கு எழுந்தோம். மோவாபிலிருந்து முக்கால் மணி நேரம் கார், பிறகு டார்ச் வெளிச்சத்தில் சின்ன நடை. நாம்தான் முதல் ஆள் என்ற பூரிப்போடு போனால், இருட்டில் இருபது ட்ரைபாட்கள் காலோடு கால் பின்னி நிற்கின்றன. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் நம்மூர்க் கலைக்கு அங்கே மூன்று கால் முளைத்திருக்கிறது. என் ட்ரைபாடின் மூன்றாவது கால் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் காலணி மேல்தான் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

"என்னங்க இது, சொர்க்கவாசல் திறக்கப் போற மாதிரி நிக்கிறாங்க?" என்றாள் மனைவி. வளைவு வழியாகத் தூரத்தில் தெரிந்த ஒரு பாறையை மச்சினன் காட்டினான். "அக்கா, அதுக்குப் பேர் வாஷர் உமன். துணி துவைக்கிற பொம்பளை." அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடியக்காலம் எழுந்து துணி துவைக்கிறவளைப் படம் எடுக்க இத்தனை ஆம்பளைங்களா? வீட்ல ஒருத்தன் திரும்பிப் பாக்கறதில்லை."

இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது: ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 16. சூரியன் வளைவின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்போது நட்சத்திரமாக விரியும். வெளிச்சமும் நிழலும் ஒரே படத்தில் அடங்காது. மூன்று விதமாக எடுத்து, பிறகு ஒட்டிக்கொள்ளுங்கள். "என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று யாராவது கேட்டால், "அப்புறம்" என்று சொல்லுங்கள். தொழில்முறைச் சொல் அதுதான்.

4. தண்ணீருக்குப் பதில் லென்ஸ் எடுத்துப் போங்கள்

டெலிகேட் ஆர்ச்சுக்குப் போகவர சுமார் 5 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 150 மீட்டர். வழியில் நிழல் என்பதே இல்லை. பெரும்பகுதி வழுக்குப் பாறையின் முதுகில் நடக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோகச் சொல்கிறார்கள். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. தூரத்து லென்ஸின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். நான் லென்ஸை எடுத்துக்கொண்டேன். பாதி வழியில் மனைவியின் பாட்டிலிலிருந்து குடித்தேன். அந்தத் தூரத்து லென்ஸைக் கடைசி வரை பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசித் திருப்பம் வரை வளைவு கண்ணில் படாது. பாறைச் சுவரை ஒட்டிய ஒரு வழியில் நடந்து திரும்பினால், திடீரென்று எதிரே நிற்கும். அந்தக் கணத்தில் கேமராவைக் கண்ணில் வைத்திருப்பது உத்தமம். வெறும் கண்ணால் பார்த்துத் தொலைத்தால் அப்புறம் படம் சின்னதாகத் தெரியும்.

5. மனிதர்களை ஒழித்துக்கட்டுங்கள்

மாலைச் சூரியனில்தான் டெலிகேட் ஆர்ச் சிவக்கும். ஆகவே மாலையில்தான் ஊரும் அங்கே இருக்கும். கிண்ணம் போன்ற பாறைச் சரிவில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். வளைவின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நிற்கும். குதிப்பவர்கள், ஒற்றைக் காலில் யோகாசனம் செய்பவர்கள், மோதிரத்தை எடுத்து மண்டியிடுபவர்கள். ஒருவரும் இல்லாத ஒரு நொடிக்காக நான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். மனைவி வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது கை காட்டி நகரச் சொன்னேன். அந்த நொடியில் எடுத்ததுதான் ஹாலில் தொங்குவது.

ஊருக்குப் படத்தை அனுப்பினேன். அம்மா போனில் கேட்டாள்: "என்னடா இது, ஊறுகாய் ஜாடிக் கைப்பிடியா?" அந்த வளைவின் உயரம் 16 மீட்டர், ஐந்து மாடிக் கட்டடம். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கல்லுக்கு அளவு கிடையாது என்பதை அம்மா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

6. பாதையை விட்டு இறங்காதீர்கள்

இந்த ஒரு யோசனையை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அங்கே மண்ணின் மேல் கருகிய அடை மாதிரி ஒரு பொருக்கு இருக்கும். அது உயிருள்ளது: நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மண்ணைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. நல்ல கோணம் தேடி நீங்கள் வைக்கும் ஒரு காலடி ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ட்ரோன் வேண்டாம், 2014 முதல் தேசியப் பூங்காக்களில் தடை. மீசா ஆர்ச்சில் "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பின்னால் நூற்றுக்கணக்கான அடிப் பள்ளம். நெருப்பும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஒரு தொழில்முறைப் படக்காரர், இரவில் பாறைக்கு ஒளி கொடுப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்ட, டெலிகேட் ஆர்ச்சின் அடியில் நெருப்பு மூட்டினார். கல்லில் கறை படிந்தது. அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நல்ல படம் வேண்டும் என்று எல்லோருக்கும்தான் ஆசை. ஆசைக்குக் கல் பொறுப்பாகாது.

7. கேசரிப் பவுடர் தூவுங்கள்

மூன்றாவதாகப் போனது பிரைஸ் கேன்யன். பெயரில் பள்ளத்தாக்கு இருந்தாலும், உண்மையில் அது பீடபூமியின் ஓரம் அரித்து உண்டான பெரிய அரைவட்டக் கிண்ணங்களின் வரிசை. உள்ளே ஆயிரக்கணக்கான கல் தூண்கள். வருடத்தில் பாதி நாட்களுக்கு மேல் அங்கே இரவில் நீர் உறைகிறது, பகலில் உருகுகிறது. விரிசலில் புகுந்த நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருக்கும். பாறையை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். அந்த மண்ணின் பையூட் மக்கள் சொல்லும் கதை வேறு: கெட்ட வழியில் நடந்த பழங்கால மனிதர்களைக் கயோட்டி ஓநாய் கல்லாக்கிவிட்டது. காலையில் மேலிருந்து பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். வண்ணம் பூசிய முகங்களோடு ஒரு கூட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது.

அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் இரும்பு ஆக்சைடின் உபயம். ஆனால் இரும்புக்கு இன்ஸ்டாகிராம் தெரியாது. ஆகவே ராத்திரி லேப்டாப்பில் சாச்சுரேஷன் பட்டையைக் கொஞ்சம் தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். பாறை கேசரி நிறத்துக்கு வந்ததும் நிறுத்தி, மேலே முந்திரி தேவையா என்று யோசியுங்கள்.

8. தலைப்பில் சிற்பியை இழுங்கள்

'இயற்கை எனும் சிற்பி செதுக்கிய அற்புதம்' என்று எழுதாமல் எந்தப் பாறைப் படத்தையும் வெளியிடக் கூடாது. உண்மையைச் சொன்னால் லைக் விழாது. உண்மை இதுதான்: 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்ச்சஸ் பூங்கா இருக்கும் இடத்தில் கடல் வற்றி வற்றி உப்புப் படுகை ஆயிற்று. அதன் மேல் மணற்கல் அடுக்குகள் ஏறின. பாரம் தாங்காமல் உப்பு நகர, மேலே பாறை விரிசல் விட்டது; விரிசல் அகன்று, பாறை மெல்லிய சுவர்களாக நின்றது. மழைநீர் மணலை ஒட்டிவைத்திருந்த பசையைக் கரைத்தது, பனி உடைத்தது, சுவரில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குத்தான் வளைவு என்று பெயர். ஓட்டையைப் போட்ட வேலை நிற்கவில்லை. 1991 செப்டம்பரில் அங்கே லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்ற வளைவிலிருந்து 18 மீட்டர் நீளப் பலகைக்கல் பெயர்ந்து விழுந்தது. அடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள்.

9. தேறாத படங்களை உடனே அழியுங்கள்

டென்வர் திரும்பியதும் மச்சினனின் பழைய ஹார்ட் டிஸ்கையும் சுத்தம் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அதில் அவன் மாணவனாக இருந்தபோது, 2007-இல், அதே ஆர்ச்சஸுக்கு நண்பர்களோடு போய் எடுத்த படங்கள். ஒன்றில் அடிவானம் சரிந்திருந்தது. வாயில் சிப்ஸோடு அவன் அறைத்தோழன். ஓரத்தில் யாருடைய முழங்கையோ. பின்னால் பாதி வெட்டுப்பட்ட ஒரு வளைவு. அழிக்கப் போனேன்.

"அத்தான், இருங்க. அது வால் ஆர்ச்."

"சரி, அதுக்கென்ன?"

"இப்ப அது இல்லை."

22 மீட்டர் அகல வளைவு அது. பூங்காவின் பெரியவற்றில் பன்னிரண்டாவது. 2008 ஆகஸ்ட்டில் ஒரு நாள் இரவு விழுந்துவிட்டது. விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. இத்தனை ட்ரைபாட்கள் இருக்கும் பூங்காவில் அந்த நொடிக்கு ஒரு படம் கிடையாது. மச்சினன் படத்தில் மட்டும், சிப்ஸ் பொட்டலத்துக்குப் பின்னால், அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அன்று ராத்திரி என் 2,340 படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒரே ஒரு படத்தில் மனைவி இருந்தாள்: டெலிகேட் ஆர்ச்சுக்கு முன்னால், கீழ் ஓரத்தில், குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டு. கோணல், குலுங்கல், முகம் தெரியவில்லை. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தது.

ஆகவே ஒன்பதாவது யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்ற எட்டில் ஆறாவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத வளைவு நம்பர் பிளேட்டிலேயே கிடைக்கிறது. உங்கள் வீட்டு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி ஒன்று எடுங்கள். "அப்புறம்" என்று சொல்லாதீர்கள்.