முருகன் ஆந்திராக்காரராக இருந்த ஆறரை வருஷம்

அரக்கோணம் ஜங்ஷனில் ரேணிகுண்டா பக்கம் போகும் வண்டியில் ஏறி, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் திருத்தணி வந்துவிடும். 1953 அக்டோபர் 1 முதல் இந்தக் குட்டிப் பயணம் வெளிமாநிலப் பயணம் ஆகிவிட்டது. தனி ஆந்திரம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிரை விட்டார். நேரு இறங்கிவந்தார். சித்தூர் மாவட்டம் முழுசாக ஆந்திரத்துக்குப் போக, கூடவே அறுபடை வீட்டில் ஒன்றும் போனது. கோபம் தணியட்டும் என்று மலையேறி உட்கார்ந்த சாமியை மறுபடி சீண்டுகிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. 365 படி மட்டும் அப்படியே இருந்தது. காவடிக்காரர்கள் மூச்சிரைக்க வேறு மாநிலத்தில் ஏறினார்கள்.

இங்கேதான் ம.பொ.சி. மீசையோடு வருகிறார். எல்லைப் போராட்டம் அரக்கோணம் பக்கத்து மங்கலங்கிழார் மூட்டிய நெருப்பு, திருத்தணி கே. விநாயகமும் சேர்ந்துகொண்டார். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் கேட்டது திருப்பதி வரைக்கும். பஞ்சாயத்துக்கு வந்தவர் படாஸ்கர், மராட்டியர். இரண்டு மொழிக்கும் உறவில்லாதவர் என்பதே பெரிய தகுதி. கிராமம் கிராமமாக மொழியை எண்ணிப் பிரித்தார். திருத்தணி நமக்கு, சத்தியவேடு அவர்களுக்கு.

ஊர்க்காரர்களிடம் வாக்கெடுப்பா? அதெல்லாம் சுவிட்சர்லாந்தில். அங்கே மூத்தியே என்ற சிற்றூர் பெர்ன் மாநிலத்தை விட்டு ஜூராவுக்குப் போக 2017-இல் ஓட்டுப் போட்டது. முறைகேடு என்று ரத்தாகி, 2021-இல் மறுபடி போட்டு, 2026-இல்தான் மாறியது. சம்பந்தப்பட்ட மக்கள் சம்மதிக்காமல் எல்லை நகராது என்று அவர்கள் அரசியல் சட்டம் சொல்கிறது. நம்முடைய 3-வது பிரிவுக்கு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலங்களிடம் அபிப்பிராயம் கேட்பார்கள், கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். திருத்தணியைத் திருப்பித் தந்த 1959 சட்டம் வந்தபோது மாநிலங்களவைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். பிறந்த ஊர், வேறெது, திருத்தணிதான்.

1960 ஏப்ரல் 1 அன்று முருகன் சென்னை மாநிலத்துக்குத் திரும்பினார். முட்டாள்கள் தினமாயிற்றே என்று சந்தேகப்பட வேண்டாம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதே ஏப்ரல் 1 தான்.

மாமன் பெருமாள் மட்டும் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அரக்கோணத்துக்காரர்களுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. மொட்டை அங்கே, காவடி இங்கே, வண்டி ஒன்றுதான்.